வாக்குச்சாவடியில் பார்வையாளராகப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜனநாயகம் இன்னும் வேர்விட்டுக்கொண்டிருக்கும் நாடுகளில், எந்தக் கட்சியையும் சேராத உள்ளூர்ப் பார்வையாளராக ஒரு வாக்குச்சாவடியில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காகித வாக்குச்சீட்டு, வாக்குப் பெட்டி, அதே சாவடியிலேயே எண்ணிக்கை என்ற முறையைத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட நாடுகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வேலையின் வரிசை அவ்வளவாக மாறாது.

புதியவர்கள் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒரு விஷயம் உண்டு. அவர்கள் கலவரத்தையும் கள்ள ஓட்டையும் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். உண்மையில் நீங்கள் அன்றிரவு கொண்டுவர வேண்டியது ஒரே ஒரு தாளில் உள்ள எண்கள், அந்த எண்கள் எப்படி வந்தன என்பதற்கான சாட்சியம், இவ்வளவுதான். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்தத் தாளை நோக்கித்தான் போகின்றன.

1. கட்சி முகவரா, பார்வையாளரா? முதலில் இதைத் தெளிவாக்குங்கள்

கட்சி முகவர் ஒரு வேட்பாளரின் வாக்குகளைக் காக்க வருகிறார். பார்வையாளர் எல்லா வேட்பாளர்களின் வாக்குகளையும் பார்க்க வருகிறார். முகவருக்குப் பொதுவாக ஆட்சேபம் எழுப்பும் உரிமை உண்டு. பார்வையாளருக்குப் பல நாடுகளில் அது கிடையாது, பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம், அதோடு சரி.

இந்த வித்தியாசம் மனதில் பதியாமல் போகிறவர்கள் மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு முகவரோடு சேர்ந்து அலுவலரிடம் வாதாடிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எழுதும் எந்த எண்ணையும் மற்ற கட்சிகள் நம்பாது.

நீங்கள் கட்சி உறுப்பினராக இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். உறுப்பினர் இல்லை, ஆனால் சமூக ஊடகத்தில் ஒரு வேட்பாளரை ஆதரித்து எழுதியிருக்கிறீர்கள் என்றால், உங்களை அனுப்பும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவு சர்ச்சையானால் முதலில் தாக்கப்படுவது பார்வையாளர்தான், அவர் எழுதிய எண்களுக்கு அப்புறம்தான் வருவார்கள். உள்நாட்டுப் பார்வையாளர் அமைப்புகள் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட உலகளாவிய கொள்கை அறிக்கையும், கட்சி சாராமையைத்தான் இந்த வேலையின் அடிப்படையாக வைக்கிறது.

2. அடையாள அட்டை, சட்டம், படிவம்: இந்த வரிசையில்

அட்டை முதலில். தேர்தல் ஆணையம் தரும் அங்கீகார அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. அட்டை கைக்கு வந்த அன்றே பெயரின் எழுத்துகள் உங்கள் அடையாளச் சான்றில் உள்ளதுபோலவே இருக்கின்றனவா, எந்தத் தொகுதிக்குச் செல்லும், எண்ணிக்கை நேரத்துக்கும் செல்லுமா என்று பாருங்கள். பகலில் அனுமதித்துவிட்டு, 'எண்ணிக்கைக்கு வேறு அட்டை வேண்டும்' என்று மாலையில் வெளியே அனுப்பும் சாவடிகள் உண்டு. இதைத் தேர்தல் நாளில் சரிசெய்ய முடியாது.

அடுத்து சட்டம். முழுச் சட்டத்தையும் படிக்கச் சொல்லவில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும்: மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர் வாக்களிக்கலாமா? பார்வையற்றவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாதவருக்கோ யார் உதவலாம், ஒருவர் எத்தனை பேருக்கு உதவலாம்? எப்படிக் குறியிட்டால் சீட்டு செல்லாது? சாவடியின் எண்ணிக்கையை எழுதும் முடிவுப் படிவத்தின் நகல் யாருக்கெல்லாம் கிடைக்கும்? அதைச் சாவடியின் வாசலில் ஒட்ட வேண்டுமா? விதி எண்ணோடு ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 'இது தப்பு' என்று சொல்வதற்கும் 'விதி இப்படிச் சொல்கிறதே' என்று கேட்பதற்கும் அலுவலர்கள் நடந்துகொள்ளும் விதமே வேறு.

கடைசியாகப் படிவம். வெற்று முடிவுப் படிவம் ஒன்றின் நகலை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கற்பனை எண்களால் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் எதோடு கூடி எந்தக் கட்டத்துக்கு வர வேண்டும் என்பது கைக்குப் பழக வேண்டும். இரவு பதினோரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்தப் படிவத்தை முதன்முறையாகப் பார்க்கிறவர் எண்களை அப்படியே பார்த்து எழுதத்தான் செய்வார், சரிபார்க்கமாட்டார்.

3. ஒதுக்கிய சாவடியை மாற்றாதீர்கள்

நிறையப் பேர் தவறுவது இங்கேதான், அதுவும் நல்லெண்ணத்தால். 'என் சாவடி அமைதியாக இருந்தது, பக்கத்து ஊரில் பிரச்சினை என்றார்கள், அங்கே போய்விட்டேன்' என்பார்கள்.

பார்வையாளர் அமைப்புகள் பல நாடுகளில் இணை எண்ணிக்கை என்று ஒன்றைச் செய்கின்றன. நாட்டின் எல்லாச் சாவடிகளிலிருந்தும் குலுக்கல் முறையில் சில நூறோ ஆயிரமோ சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் முடிவுகளை மட்டும் திரட்டி, அதிகாரபூர்வ முடிவு அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் கணக்கு, ஆனால் எந்தப் பருக்கை என்பதை எடுப்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிரச்சினை உள்ள இடங்களையோ வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடங்களையோ பார்த்து நாமே போனால், குலுக்கல் குலுக்கலாக இருக்காது, கணக்கும் நிற்காது. அமைதியான சாவடியின் எண்களும் அதே அளவுக்குத் தேவை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு சிலி நாட்டைப் பாருங்கள். 1988 அக்டோபர் 5 அன்று, ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் ஆட்சி நீடிக்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடந்தது. அரசு அன்றிரவு முடிவுகளை இழுத்தடித்தது. ஆனால் சாவடிகளிலிருந்து சுயேச்சையாகத் திரட்டிய எண்கள் மற்றவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தன. 'வேண்டாம்' என்ற பக்கம் வென்றதை அன்றிரவே விமானப்படைத் தளபதி நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். எண்கள் வெளியே இருக்கும்போது அவற்றை மாற்றுவது கடினம்.

உங்கள் சாவடி திறக்கவே இல்லை, அல்லது உங்களை உள்ளே விடவில்லை என்றால்? வேறு சாவடிக்கு ஓடாதீர்கள். ஒருங்கிணைப்பாளருக்கு உடனே தகவல் கொடுங்கள். 'விடவில்லை' என்பதும் பதிவு செய்ய வேண்டிய ஒரு தரவுதான்.

4. முந்தைய நாள்

சாவடியை நேரில் போய்ப் பாருங்கள். எங்கே மொபைல் சிக்னல் கிடைக்கிறது, மின்விளக்கு இருக்கிறதா, கழிப்பறை எங்கே. இரவில் தேடக்கூடாதவை இவை.

பையில்: தைத்த நோட்டுப் புத்தகம் (பக்க எண்களை முன்பே போட்டுவிடுங்கள், உதிரித் தாள்களை நீதிமன்றத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள்), இரண்டு பேனா, டார்ச், பவர் பேங்க், அட்டை, அடையாளச் சான்று, குடிநீர், சாப்பாடு. சாப்பாடும் தண்ணீரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கட்சிக்காரர் நீட்டும் தேநீரைக்கூட மரியாதையாக மறுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு புகைப்படம் போதும்.

அப்புறம் தூக்கம். இந்தோனேசியாவில் 2019 ஏப்ரலில் ஒரே நாளில் ஐந்து வாக்குச்சீட்டுகளை வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். நாள் முழுக்க, இரவு முழுக்க எண்ணிய களைப்பிலும் அதனால் வந்த நோயிலும் நூற்றுக்கணக்கான தேர்தல் பணியாளர்கள் இறந்துபோனார்கள். உடல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். முடிந்தால் இருவராகப் போங்கள், ஒருவர் வெளியே போகும்போது இன்னொருவர் இருப்பார்.

5. திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

சாவடி ஏழு மணிக்குத் திறக்கும் என்றால் ஆறு மணிக்கு அங்கே இருங்கள். பெட்டிக்குள் முதலிலேயே ஏதாவது இருந்ததா என்பதை அதற்குப் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாளின் மிக முக்கியமான நிமிடங்களில் பாதி இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

பார்த்து எழுத வேண்டிய வரிசை இது. முதலில் காலிப் பெட்டியை எல்லோருக்கும் திறந்து காட்டுகிறார்களா என்பது. உடனே முத்திரை போடுவார்கள், அந்த முத்திரைகளின் எண்களை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். பிறகு வந்துசேர்ந்த வாக்குச்சீட்டுகள் எத்தனை, கட்டுகளின் முதல் எண், கடைசி எண். பட்டியலில் எத்தனை வாக்காளர்கள். எந்தெந்தக் கட்சியின் முகவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, முதல் வாக்காளர் சீட்டு வாங்கிய நேரம்.

முத்திரை எண்ணை ஏன் இப்போதே எழுத வேண்டும்? மாலையில் பெட்டியைத் திறக்கும்போது அதே எண்தானா என்று ஒப்பிட. காலை எண் இல்லாவிட்டால், முத்திரையை வெட்டி வேறு ஒன்றைப் போட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, பார்க்கிறவருக்கு முத்திரை முத்திரையாகத்தான் இருக்கும்.

புதியவர்கள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, அலுவலரிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதிவிடுவார்கள். அப்படித்தான் ஆகிறது என்றால் 'அலுவலர் சொன்னது' என்று பக்கத்திலேயே குறியுங்கள். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

6. பகல் முழுவதும்

உட்காரும் இடம் முக்கியம். அடையாளம் சரிபார்க்கும் மேசை, சீட்டு கொடுக்கும் மேசை, பெட்டி, இந்த மூன்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் மட்டும் பார்வை போகக் கூடாது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் தலைமை அலுவலரிடம் காலையிலேயே கேளுங்கள், கூட்டம் சேர்ந்த பிறகு நாற்காலியை நகர்த்த முடியாது.

ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு கோடு போடுங்கள். மணிக்கொரு முறை கூட்டி எழுதுங்கள். சலிப்பான வேலை, ஆனால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு மறைவிடம்தான் இருக்கிறது, ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகிறது என்றால் பத்து மணி நேரத்தில் 600 பேருக்கு மேல் வாக்களித்திருக்க முடியாது. இரவு படிவத்தில் 940 என்று இருந்தால் உங்கள் கோடுகள் பேசும். கோடு போடாதவரிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான்.

காம்பியாவில் பல பத்தாண்டுகளாகச் சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டைத்தான் பயன்படுத்தினார்கள். வேட்பாளருக்கு ஒரு டிரம், குண்டு உள்ளே விழுந்ததும் ஒரு மணி ஒலிக்கும், யாராவது இரண்டு குண்டு போட்டால் வெளியே இருப்பவர்களுக்கும் காதில் விழுந்துவிடும். காகிதத்தில் அந்த மணி இல்லை. உங்கள் கோடுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

விரல் மையை அடிக்கடி பாருங்கள். இந்த மையில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுக்கும், அதனால் பூசிய உடனே துடைக்க விடக் கூடாது. 2004-ல் ஆப்கானிஸ்தானின் அதிபர் தேர்தலில் சில சாவடிகளில் சரியான மைக்குப் பதில் தவறான பேனாக்களைப் பயன்படுத்தினார்கள். பூசிய குறி அழிந்தது, மத்தியானத்துக்குள் பல வேட்பாளர்கள் தேர்தலையே புறக்கணிப்பதாக அறிவிக்கும் அளவுக்கு விஷயம் போனது. நுழைவில் எல்லோருடைய விரல்களையும் பார்க்கிறார்களா என்பதும் கவனிக்க வேண்டியது, பூசுவதைவிடப் பார்ப்பதைத்தான் பணியாளர்கள் முதலில் கைவிடுவார்கள்.

சங்கிலி வாக்கு என்ற ஒன்றைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. முதலில் ஒருவர் தன் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுபோகிறார். வெளியே இருக்கும் தரகர் அதில் குறியிட்டு அடுத்த வாக்காளரிடம் கொடுக்கிறார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே வாங்கிய வெற்றுச் சீட்டைத் தரகரிடம் கொடுத்தால் பணம். இப்படியே போகும். உள்ளே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், எண்ணிக்கையில் ஒரே ஒரு சீட்டுதான் குறையும். ஆகவே மறைவிடத்திலிருந்து வெளியே வருபவர் சீட்டைப் பெட்டியில் போடுவதை ஒவ்வொரு முறையும் பாருங்கள், சட்டைப் பைக்குள் கை போகிறதா என்றும் பாருங்கள்.

உதவியாளர் விஷயமும் அப்படித்தான். ஒரு முதியவருடன் மகள் வருவது இயல்பு. ஒரே ஆள் ஐந்தாறு முதியவர்களோடு மாறி மாறி மறைவிடத்துக்குள் போனால், நேரத்தோடு எழுதுங்கள்.

வாக்காளர் யாராவது உங்களிடம் 'எங்கே குறியிடுவது' என்று கேட்டால் அலுவலரைக் காட்டிவிடுங்கள். சீட்டையோ பெட்டியையோ பட்டியலையோ தொடாதீர்கள், காற்றில் பறந்தாலும் அலுவலரே எடுக்கட்டும்.

7. தவறு நடப்பதைப் பார்த்தால்

குரலை உயர்த்தாதீர்கள். நேரத்தைப் பாருங்கள், எழுதுங்கள், பிறகு தலைமை அலுவலரிடம் ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள், அவருடைய பதிலையும் எழுதுங்கள். விதி தெரியாமல்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன, கேட்டதும் திருத்திக்கொள்வார்கள். திருத்தினால் அதையும் எழுத வேண்டும், அது அந்த அலுவலருக்கு நீங்கள் செய்யும் நியாயம்.

எழுதும் விதம்தான் புதியவர்களுக்கு வருவதில்லை. 'காலையில் நிறையக் கள்ள ஓட்டு போட்டார்கள்' என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. '10.20: நீலச் சட்டை அணிந்த ஆண், இடது சுண்டுவிரலில் கறுப்பு மை இருந்தது. நுழைவில் விரலைப் பார்க்கவில்லை. சீட்டு கொடுத்தார்கள், பெட்டியில் போட்டார். தலைமை அலுவலரிடம் 10.25-க்குச் சொன்னேன், நுழைவில் ஒருவரை நிறுத்தினார்' என்ற குறிப்பு நிற்கும். நேரம், கண்ட செயல், எத்தனை வாக்குகள், யாரிடம் சொன்னீர்கள், என்ன செய்தார்கள். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம்.

மிரட்டலோ வன்முறையோ வந்தால் வெளியேறிவிடுங்கள். பாதுகாப்பான இடத்திலிருந்து தகவல் கொடுங்கள். எந்தப் படிவமும் உங்கள் உயிருக்கு மேல் அல்ல.

8. மூடும் நேரம்

பெரும்பாலான நாடுகளில், மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் வாக்கு உண்டு. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பணியாளரோ காவலரோ நிற்க வேண்டும். அவர் நின்ற நேரத்தைக் குறியுங்கள். கடைசி வாக்காளர் போட்டதும் பெட்டியின் வாயை அடைத்து முத்திரை போடுகிறார்களா என்று பாருங்கள், அந்த எண்ணையும் எழுதுங்கள்.

இங்கே பலர் 'கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று எழுந்துவிடுவார்கள். வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பெட்டிக்கு ஆபத்தான நேரம். எழாதீர்கள். பெட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோனால் கண் அதன் மேலேயே இருக்கட்டும். 2016-ல் காம்பியாவில் முதன்முறையாகச் சாவடியிலேயே எண்ணினார்கள். குண்டுகள் விழுந்த டிரம்கள் பயணம் செய்யாததால் வழியில் என்ன நடந்தது என்ற கேள்வியே எழவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த ஜாம்மே அந்தத் தேர்தலில் தோற்றார்.

9. எண்ணிக்கை: வரிசை மாறக் கூடாது

எல்லோருக்கும் களைப்பு, எல்லோருக்கும் அவசரம். பெட்டியை உடனே திறக்கலாம் என்பார்கள். அலுவலர் நல்லவராக இருந்தாலும் இந்த அவசரம்தான் கணக்கைக் கெடுக்கும்.

முதலில் பயன்படுத்தாத சீட்டுகளை எண்ணி, குறுக்கே கோடு போட்டோ மூலையை வெட்டியோ கட்டி ஓரமாக வைக்க வேண்டும். பெட்டி திறந்த பிறகு மேசைமேல் வெற்றுச் சீட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அதில் குறியிட்டுக் குவியலில் சேர்ப்பது ஒரு நொடி வேலை. அடுத்து, வாக்காளர் தவறாகக் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்த கெட்டுப்போன சீட்டுகள். பிறகு பட்டியலில் வாக்களித்ததாகக் குறிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். இந்த மூன்றையும் படிவத்தில் பேனாவால் எழுதிய பிறகுதான் பெட்டி.

ஏன் எழுதிவிட்டுத் திறக்க வேண்டும்? பெட்டிக்குள் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்த பிறகு எழுதினால், மற்ற எண்களை அதற்கேற்பச் 'சரிசெய்ய' ஆசை வரும். யாரும் திருட வேண்டும் என்பதில்லை, கணக்கு ஒத்துவந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணமே போதும்.

பெட்டியைத் திறந்ததும் வேட்பாளர் வாரியாகப் பிரிக்காமல் மொத்தச் சீட்டுகளை மட்டும் முதலில் எண்ண வேண்டும். பெட்டி காலியாகிவிட்டதா என்று உள்ளே டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பிரிப்பது.

பிரிக்கும்போது எல்லோருடைய கண்ணும் முன்னணி வேட்பாளர்களின் குவியல் மேலேயே இருக்கும். நீங்கள் செல்லாத வாக்குகளின் குவியலைப் பாருங்கள். ஒரே மாதிரியான குறி ஒரு வேட்பாளருக்குச் செல்லும், இன்னொருவருக்குச் செல்லாது என்று ஆகிறதா? பல சட்டங்களில் வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் சீட்டு செல்லும். அளவுகோல் கடுமையாக இருப்பதைவிட ஆளுக்கு ஆள் மாறுவதுதான் கெடுதல். எண்ணும் மேசையில் இருப்பவர்கள் கையில் பேனாவோ மைக்கறையோ இருக்கக் கூடாது, ஒரு கூடுதல் புள்ளி போதும், நல்ல வாக்கு செல்லாததாகிவிடும். உங்கள் பேனாவும் மேசைப் பக்கம் நீளக் கூடாது.

கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போடும்போது மேல்சீட்டு ஒரு வேட்பாளருக்கு, நடுவில் வேறொருவருடையது கலந்திருக்கலாம். இது பெரும்பாலும் களைப்பால் வருவது. ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டிப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறார்களா என்று பாருங்கள். நீங்களும் கோடு போட்டு எண்ணுங்கள்.

10. முடிவுப் படிவம்

கையொப்பத்துக்கு முன் நீங்களே கூட்டிப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: வந்த சீட்டுகள் 800. பயன்படுத்தாதவை 271, கெட்டுப்போனவை 6. அப்படியென்றால் பெட்டியில் 523 இருக்க வேண்டும். மூன்று வேட்பாளர்கள் 287, 198, 24 என்று பெற்றால் செல்லும் வாக்குகள் 509. செல்லாதவை 14. மொத்தம் 523, சரி.

பெட்டியில் 521 இருந்தால்? இரண்டு பேர் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், எழுதிவைத்தால் போதும். 531 இருந்தால் அது வேறு விஷயம், கொடுக்காத சீட்டு பெட்டிக்குள் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். குறைவைவிடக் கூடுதலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஒன்றிரண்டு எண்ணின் பிசகை மோசடி என்று கூவுவதும் தவறு. களைத்த மனிதர்கள் கூட்டல் பிசகுவார்கள், அதைத் திருத்தும் முறை சரியா என்பதுதான் பார்க்க வேண்டியது.

திருத்தம் என்றால், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, அலுவலரும் முகவர்களும் கையொப்பமிட வேண்டும். மலாவியில் 2019 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலில் பல முடிவுப் படிவங்களில் வெள்ளைத் திருத்த மை பூசி எண்களை மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. ஜூனில் மறுதேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி வேட்பாளர் சக்வேரா வென்றார். படிவத்தை யாரும் ஒழுங்காகப் பார்த்துப் பத்திரப்படுத்தாவிட்டால் அந்த வழக்கில் காட்ட எதுவும் இருந்திருக்காது.

கையொப்பங்களையும் பாருங்கள். கானாவின் 2012 தேர்தல் வழக்கில் மாதக்கணக்கில் வாதாடியது எதைப் பற்றி என்றால், இளஞ்சிவப்பு நிறச் சாவடிப் படிவங்களில் சிலவற்றில் தலைமை அலுவலரின் கையொப்பம் இல்லை என்பது போன்ற குறைகளைப் பற்றித்தான். தேர்தல் முடிவு நிலைத்தது, ஆனால் ஒரு கையொப்பம் விட்டுப்போனால் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிகிறதல்லவா.

இப்போது படிவத்தைக் கையால் நகலெடுங்கள், பிறகு படம் எடுங்கள். இந்த வரிசைக்குக் காரணம், கையால் எழுதும்போதுதான் எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒன்றா என்று கண்ணில் படும். படத்தில் நான்கு மூலைகளும், சாவடியின் குறியீட்டு எண்ணும், கையொப்பங்களும், முத்திரையும் தெரிய வேண்டும். எடுத்த இடத்திலேயே பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். மங்கலான படத்தோடு வீட்டுக்கு வந்து வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வாசலில் ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். ஜிம்பாப்வேயில் 2008 மார்ச் 29 அன்று நடந்த தேர்தலில் முடிவுகளைச் சாவடி வாசலில் ஒட்டினார்கள், மக்கள் மொபைலில் படம் எடுத்துத் திரட்டினார்கள். அதிபர் தேர்தல் முடிவை அறிவிக்க ஆணையம் மே 2 வரை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு மாதத்துக்கும் மேலான காலத்தில் மக்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்த வாசல் தாள்கள்தான்.

11. அனுப்புவது

சாவடியின் குறியீட்டு எண்ணை முதலில் அனுப்புங்கள், பிறகு எண்களைப் படிவத்தில் உள்ள வரிசையில். எதிர்முனையில் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். 287-ஐ 278 என்று கேட்பது அடிக்கடி நடப்பது. 'சரி' என்று பதில் வரும்வரை சிக்னல் உள்ள இடத்தை விட்டு நகராதீர்கள்.

உங்கள் சாவடியின் எண்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஒரு சாவடி நாடு அல்ல, நகரச் சாவடிகளின் எண்கள் முதலில் பரவினால் கிராமத்து எண்கள் வரும்போது 'முடிவை மாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு தானாகக் கிளம்பும். 2007 கடைசியில் கென்யாவில் நடந்த தேர்தலில் முன்னிலை மாறியதும் முடிவு அறிவித்த விதமும் சேர்ந்து பற்றவைத்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாட்டில் 2022-ல் ஆணையமே எல்லாச் சாவடிப் படிவங்களின் படங்களையும் இணையத்தில் போட்டது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்க முடிந்தது. எல்லாச் சாவடிகளும் ஒன்றாக, சரிபார்க்கும் வசதியோடு வெளிவருவது வேறு, ஒற்றைப் படம் பரவுவது வேறு.

எல்லாச் சாவடிகளின் முடிவுகளையும் கூட்டிச் சேர்க்கும் தொகுப்பு மையத்துக்கு உங்கள் அமைப்பில் யாராவது ஒருவர் போக வேண்டும். சாவடியில் சுத்தமாக இருந்த எண், கணினியில் ஏற்றும்போது மாறினால், அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி உங்கள் படத்தோடு ஒப்பிடுவதுதான்.

12. அடுத்த சில நாட்கள்

தூங்கி எழுந்த அன்றே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கிறுக்கலாக உள்ள வரிகளைக் கீழே தெளிவாக எழுதுங்கள். மேலே அடித்துத் திருத்தாதீர்கள். புதிதாக எழுதியதற்குப் பக்கத்தில் அந்த நாளின் தேதியைப் போடுங்கள், அன்று எழுதியது எது, பிறகு சேர்த்தது எது என்று தெரிய வேண்டும்.

வழக்கு வந்தால் நேரம் மிகக் குறைவு. கென்யாவில் அதிபர் தேர்தல் முடிவை அறிவித்த ஏழு நாட்களுக்குள் மனு போட வேண்டும், பதினான்கு நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டும். 2017-ல் அப்படித்தான் செப்டம்பர் 1 அன்று அதிபர் தேர்தலை ரத்து செய்தார்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் பார்வையாளரைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்க முடியாது, ஆகவே தொலைபேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள்.

உங்கள் அமைப்பு அசல் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு, பக்க எண்ணிக்கையைக் குறிப்பிட்ட ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். மொபைலில் உள்ள அசல் படங்களை மனுக் காலம் முடியும்வரை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் தொலைந்துவிடும், நீதிமன்றத்தில் கேட்டால் காட்ட வேண்டியது அசல் கோப்புதான்.